செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடு

ஜனவரி 30, 2015

என் போஜெனாவுக்கு,

பெட்டி கட்டி முடித்தாயா? இங்கே வாசலில் முழங்கால் அளவு பனி. நீயோ சான்சிபாருக்குப் பக்கத்துத் தீவில் கடலில் கால் நனைக்கப் போகிறாய். பொறாமையாகத்தான் இருக்கிறது. பால் ஆலையில் நம்மோடு வேலை பார்த்தவர்களை எல்லாம் ஜெனோன் தன் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் கூட்டிப்போகிறார், என்னைத் தவிர. அதில் எனக்கு வருத்தமில்லை. பழைய மேலாளர் கூப்பிடும்போது நீ மறுத்தால் உன்னையும் ஊர் ஒருமாதிரி பார்க்கும். போய் வா.

நம் பாலாடைக்கட்டி சாப்பிட்டுப் பதினெட்டுக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்களே, பழி என் மேல் விழுந்த அந்த வாரத்துக்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறியவள் நீ ஒருத்திதான். அதனால் இந்த நல்ல செய்தி முதலில் உனக்கு. "யாத்விகா பரிசோதனைச் சீட்டு எதுவும் தரவில்லை" என்று ஆலை விசாரணையில் யாரோ எழுதிக் கொடுத்தார்கள் அல்லவா? பத்தொன்பது வருடமாக என் கண்ணில் காட்டாத அந்தக் காகிதத்தை 17ஆம் தேதி என் வழக்குக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்களாம். மேலாளருக்கு எப்போதும் எடுபிடியாக இருந்த ரிஷார்த்தின் கையெழுத்தாகத்தான் இருக்கும்.

மூன்றாம் தொட்டிப் பால் கெட்டுவிட்டது என்று நான் பரிசோதித்து எழுதிய சீட்டை, நீ கொண்டுபோய் மேலாளர் மேஜையில் வைத்ததைக் கோர்ட்டில் சொன்னால் போதும். 14ஆம் தேதி திரும்புகிறாய், 17ஆம் தேதி செவ்வாய். நிறைய நேரம் இருக்கிறது.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள். உனக்குச் சீக்கிரம் தலை வலிக்கும்.

உன்,
யாத்விகா


பிப்ரவரி 6

அன்புள்ள யாத்விகா,

விடுதி வரவேற்பறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணினி இருக்கிறது. அதில்தான் எழுதுகிறேன். பின்னால் எப்போதும் யாராவது நிற்கிறார்கள்.

தீவு அழகுதான். தண்ணீர் பச்சையாக, கண் கூசும். ஆனால் சுற்றி வர நாற்பது நிமிடம் போதும். பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும், ஒன்றாகக் குளிக்க வேண்டும், ஒன்றாகப் பாட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் கதவைத் தட்ட ஆள் வருகிறது. மீனும் தேங்காயும் தின்று நாக்கு செத்துவிட்டது. ஒரு கிண்ணம் பீட்ரூட் சூப்புக்கு ஏங்குகிறேன்.

பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாளே கஜிமீரா, அவள் மாறவே இல்லை. "நம்மையும் வெண்ணெயோட சேத்து குளிர் அறையில வைங்கடா, உருகிடுவோம்" என்று எல்லோரையும் சிரிக்க வைக்கிறாள். ரிஷார்த் வந்த அன்றே எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டான். "வயசாயிடுச்சு, எங்கயாவது வெச்சுட்டுத் தேடுவீங்க. என்கிட்டயே இருக்கட்டும்" என்றான். கொடுத்துவிட்டோம்.

நேற்றுச் சாப்பாட்டில் ஒரு தடவை உன் பெயரைச் சொன்னேன். பாட்டு நின்றது. பிறகு யாரோ மாம்பழத் தட்டை நகர்த்தச் சொன்னார்கள்.

உன் போஜெனா


பிப்ரவரி 11

யாத்விகா,

இன்று காலை ஜெனோன் எழுந்து நின்று, "இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போறோம். டிக்கெட்டெல்லாம் மாத்தியாச்சு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். திரும்புவது 21ஆம் தேதியாம். எனக்குச் செவ்வாய்க்கிழமை வேலை இருக்கிறது என்றேன். கரையோரம் தனியாக நடக்கக் கூட்டிப்போனார்.

"என்ன வேலை?"

"உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். நீ போய் நின்னா எனக்கு என்ன ஆகும்? இந்த வயசுல ஒண்ணும் ஆகாது. உனக்கு என்ன ஆகும்னு யோசி, போஜெனா. உன் நல்லதுக்குத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்."

தோளில் தட்டினார், அந்தக் காலத்தில் தட்டுவாரே, அதே மாதிரி. எந்தப் பக்கம் நடந்தாலும் நாற்பது நிமிடத்தில் அதே சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. வக்கீலிடம் தேதியைத் தள்ளிப்போடச் சொல்ல முடியுமா?

போஜெனா


பிப்ரவரி 12

போஜெனா,

தேதி தள்ளிப்போகாது.

உனக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்டிருக்கிறார். நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. அங்கிருந்து படகு தினமும் கிளம்புகிறதா? அதை மட்டும் எழுது.

யாத்விகா


பிப்ரவரி 13

யாத்விகா,

படகு தினமும் காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறது. முதல் நாளிலிருந்தே தெரியும். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை.

அந்தக் காகிதத்தில் இருப்பது ரிஷார்த்தின் கையெழுத்து இல்லை. என்னுடையது.

சீட்டை நான் மேஜையில் வைக்கவில்லை. ஜெனோன் கையிலேயே கொடுத்தேன். படித்துவிட்டு, "வண்டி கிளம்பிடுச்சுன்னு நெனச்சுக்கோ" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டி அப்போது ஜன்னலுக்கு வெளியே சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தை எழுதச் சொன்னார். எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. மறுநாள் உன் வீட்டுக்கு வந்தபோது நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியாமலே வருடங்கள் போய்விட்டன. அந்தக் காகிதம் வெளியே வருகிறது என்று நீ எழுதிய அன்றே இந்தப் பயணத்தை நிறுத்தியிருக்கலாம். பெட்டியைத்தான் கட்டினேன்.

இன்று காலை எல்லோர் முன்னாலும் பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

"முதல்ல சாப்பிடு" என்றான் ரிஷார்த்.

"குடு."

"ஐயாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அதுல ஒட்டியிருக்கறது அவர் போட்டோவா, என் போட்டோவா?"

ஜெனோன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். கஜிமீராதான் எழுந்து போய், ரிஷார்த்தின் நாற்காலியில் தொங்கிய பையைத் திறந்து, தேடி எடுத்து என் கையில் வைத்தாள். "போடி, படகு போயிடும்" என்றாள். சிரிக்கவில்லை.

துறைமுகத்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வார்சாவில் இறங்குகிறேன். செவ்வாய்க்கிழமை வருவேன். இந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்துவிடு. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

போஜெனா


பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய திருமதி போஜெனா அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை நேரில் வந்து சாட்சி சொன்னதற்கு நன்றி. தீர்ப்பு அடுத்த மாதம்தான். ஆனால் ஆலையின் அறிக்கை இனி நிற்காது என்று வக்கீல் உறுதியாகச் சொல்கிறார்.

"இது என் கையெழுத்து" என்று நீங்கள் சொன்னபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க எழப்போனேன், பழக்கம். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று மாலை என் வீட்டு மணியை அடித்தது நீங்கள்தான் என்று தெரியும். ஜன்னலிலிருந்து பார்த்தேன். இனிமேல் வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் நான் இப்போது திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது முடியாது.

இன்று காலை ரொட்டிக் கடைக்குப் போனேன். இத்தனை வருடமாக ரொட்டியைப் பலகையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற கடைக்காரம்மா, இன்று என் கையில் கொடுத்தாள். "சூடா இருக்கு, பாத்து" என்றாள். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு வந்தேன். இப்படிப்பட்டதையெல்லாம் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

அதனால் எழுதினேன். இனி எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
யாத்விகா ஷிமான்ஸ்கா