மெல்லக் கரையும் உருண்டை

நேற்று மாலை எங்கள் குடும்ப வரலாற்றில் முக்கியமான முடிவொன்று எடுக்கப்பட்டது. மகன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த ஜெலட்டின் பொட்டலத்தை இந்தச் சைவச் சமையலறையில் பிரித்து, பேத்தியின் பிறந்த நாளுக்கு ஜெல்லி செய்யலாம் என்பதே அது. என் மனைவி வெளிநடப்புச் செய்து பின்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

வெந்நீரில் தூளைக் கொட்டியதும் எழுந்த வாடையோடு நீரும் என் நினைவுக்கு வந்துவிட்டீர்.

தொண்ணூறுகளில் நான் பாளையங்கோட்டையில் வேதியியல் வாத்தியார். நீர் மேலப்பாளையத்து மருந்துக்கடைக்காரர், மூச்சிரைப்புக்காரரும்கூட. இரவில் போட்ட மாத்திரையின் வேகம் விடிவதற்குள் தீர்ந்துவிட, பள்ளிவாசலின் பஜ்ரு பாங்குக்கு முன்பே இரைப்பு உம்மை எழுப்பிவிடும். ஜெலட்டினில் களிமண் தூளைக் கலந்து மருந்தை உள்ளே வைத்தால், அது வயிற்றில் மெல்ல மெல்ல வெளிவரும் என்று நான்தான் ஆசை காட்டினேன். எந்த மிருகத்தின் எலும்பு என்று தெரியாத ஜெலட்டினை விழுங்க மாட்டேன் என்றீர். அதனால் உம் மச்சான் கறிக்கடையிலிருந்து ஆட்டெலும்பு என் ஆய்வகத்துக்கு வந்தது. நான் மூக்கைப் பொத்தினேன்.

"மண்ணு உம்ம பாடு, எலும்பு எம் பாடு வே" என்று வேலையைப் பங்கிட்டீர்.

பொறுமை உம் கடையில் இல்லாத சரக்கு. எலும்பைத் தளதளவென்று கொதிக்கவிடுவீர். அந்த ஜெலட்டினில் செய்த உருண்டைகள், நாம் டீ குடித்து முடிப்பதற்குள் வெதுவெதுப்பான நீரில் கரைந்து போயின.

ஒருநாள் இரைப்பு கூடி உம்மால் வர முடியவில்லை. ஊறிய எலும்பை அன்றே காய்ச்சாவிட்டால் கெட்டுவிடும். முன்னோர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நானே அடுப்பைப் பற்றவைத்தேன். கொதித்தால் நாற்றம் ஏறுமே என்று தீயை எழும்பவே விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, அதில் செய்து உலர்த்திய உருண்டையை நீரில் போட்டுவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போனீர். திரும்பி வந்தபோதும் உருண்டை இருந்தது.

"என்ன வே செஞ்சீரு?"

"நாத்தம் தாங்கல. தீயக் கொறச்சேன்."

சிரித்தீர், இரைத்தீர், மறுபடி சிரித்தீர். "பிள்ளைவாள் அருவருப்புலயும் ஒரு மருந்து இருக்கு பாத்தீரா! இனி எலும்பும் உம்ம பாடுதான். பைய காய்ச்சும்."

சூடு மிஞ்சினால் ஜெலட்டின் வலுவிழக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. நான் படித்து நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில்.

நம் உருண்டை மாத்திரையாவதற்குள் நீர் போய்ச் சேர்ந்துவிட்டீர். மெல்லக் கரையும் மாத்திரை இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நம்முடையது அல்ல, வேறு யாரோ பொறுமைசாலிகளுடையது. உம்முடைய 'பைய' மட்டும் என்னிடம் இருக்கிறது. நேற்றும் தீயைக் குறைத்தே வைத்தேன்.

பேத்திக்கும் உம்மைப்போல இரைப்பு உண்டு. ஜெல்லி தின்றுவிட்டு, ராத்திரி அந்த மெல்லக் கரையும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். காலையில் பள்ளி வேன் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தாள்.