கூடவா, குறைவா

மதினி,

இன்று காலை அண்ணனுக்குக் கஞ்சியில் உப்பைக் குறைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். உங்கள் பழைய ஊறுகாய் ஜாடியை எடுத்து மூடியைத் திறந்தார். மலைப்பூண்டு வாசனை அடித்ததும் நீங்களே அடுப்படிக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது.

பூண்டியில் நாம் பூண்டு பிடுங்கிய அந்தக் கடைசி வருஷம், இதே ஊறுகாயை வெறும் விரலால் வழித்துத் தின்பீர்கள். பிள்ளை உண்டாகியிருக்கிறீர்களா என்று கேலி பண்ணுவேன். "போடி, வாயெல்லாம் சப்புன்னு கெடக்கு" என்பீர்கள். முகமும் உள்ளங்கைக் கோடுகளும் கறுத்துப்போனதற்கு வெயிலைக் காரணம் சொன்னோம். குளிர் விடாத அந்த மலையில் என்ன பெரிய வெயில்!

பூண்டுக் காட்டில் வேலைக்கு நடுவே மயங்கி விழுந்த அன்று, பிரஷர் குறைவாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் காதில் விழுந்தது பிரஷர் மட்டும்தான். நம் பக்கம் பிரஷர் என்றாலே கூடுவதுதான், உப்பை நிறுத்துவதுதான். நாக்கு கெஞ்சக் கெஞ்ச நிறுத்தினீர்கள். துணைக்கு அண்ணனும் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

கடைசியில் திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி வற்றிப்போய்விட்டதாம். அதனால் உடம்பில் உப்பு தங்காதாம், பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பிடிக்குமாம். "அவங்க நாக்கு சரியாத்தாம்மா கேட்டிருக்கு" என்றார் டாக்டர். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தீர்கள்.

"இனிமே உப்பு சேத்துக்கிடலாமா?"

சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். உங்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அன்று சாயங்காலமே இதயம் நின்றுவிட்டது.

அதிலிருந்து பிரஷர் என்று யார் சொன்னாலும், கூடவா குறைவா என்று கேட்காமல் விடுவதில்லை. அண்ணனைக் காட்டப் போன இடத்திலும் கேட்டேன், திரும்பவும் கேட்டேன். கூடத்தான், உப்பைக் குறைக்காவிட்டால் பக்கவாதம் வந்துவிடும் என்றார்கள். அண்ணன் கேட்டால்தானே! "உப்ப நிறுத்தித்தான ஒருத்திய அனுப்பி வச்சோம்" என்கிறார். வேளா வேளைக்கு இதே மல்லுக்கட்டு. அலுத்துவிட்டது, மதினி.

மதியக் குழம்பு கொதிக்கிறது. உப்பைக் கையில் அள்ளிக்கொண்டு நிற்கிறேன். அன்றைக்கு நீங்கள் கேட்டீர்கள், நான் சட்டென்று பதில் சொன்னேன். இன்றைக்கு நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். சேத்துக்கிடலாமா?