மணல்மேட்டில் இரண்டு முதுகுகள்

எதிர்வீட்டில் மாடி கட்டுகிறார்கள். வாசலில் கொட்டிய மணல் நேற்றுப் பெய்த சாரலில் நனைந்து, காலையில் கதவைத் திறந்ததும் வாசம் அடித்தது. உடனே உன் நினைவு.

குற்றாலத்தில் நம் பையனை மணலில் இறக்கிவிட்டோமே, அப்போது அவனுக்கு இரண்டு வயது. பக்கத்தில் இன்னொரு குழந்தை. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. நான்தான் பொறுக்காமல், "போ லே, சேர்ந்து வெளாடு" என்று தள்ளினேன். அவன் அழுதான். நீ என் கையைப் பிடித்து உட்காரவைத்தாய்.

"சேர்ந்துதாங்க வெளாடுதான். நல்லாப் பாருங்க, அது தோண்டினா இவனும் தோண்டுதான். இந்த வயசுல இப்படித்தான்."

நீ கண்ணை மூடி எட்டு மாதம். சின்னவளுக்கு இப்போது இரண்டேகால் வயது. போன ஞாயிறு ஆலங்குளத்திலிருந்து அக்கா வந்தாள். எதிர்வீட்டுக் குழந்தையும் நம்மவளும் மணல்மேட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.

"ஏலே, யார்கிட்டயும் ஒட்டமாட்டேங்கா பாரு. தாயில்லாம ஏங்கிப் போயிட்டா. எங்கூட அனுப்பு, நான் வளக்கேன். உனக்குப் போலீஸ் வேலை, நீ என்ன செய்வ?"

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கும் அந்தப் பயம்தான். சின்னவளின் துணிகளை ஒரு பையில் எடுத்துவைத்திருந்தேன்.

ஆனாலும், "கொஞ்சம் உக்காந்து பாருக்கா" என்றேன்.

அந்தக் குழந்தை டப்பாவில் மணலை நிரப்பிக் கவிழ்த்தது. நம்மவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தன் டம்ளரைக் கவிழ்த்தாள். அது கைதட்ட, இவளும் தட்டினாள். சற்று நேரத்தில் அது சறுக்கி விழுந்து அழுதது. நம்மவள் எழுந்துபோய்த் தன் டம்ளரை அதன் கையில் வைத்தாள். அழுகை நின்றதும் "என்னுது!" என்று பிடுங்கிக்கொண்டாள். அக்கா சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இவ ஏங்கிப் போகலக்கா. இங்கனதான் இருப்பா."

"ஒத்தையில எப்படிலே சமாளிப்ப?"

"தெரியாது. சமாளிப்பேன்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று பகல் டூட்டி கேட்டு வாங்கினேன். அவளை அங்கன்வாடியில் சேர்த்தாயிற்று. பெரியவன் தங்கைக்குத் தலைசீவப் பழகுகிறான். வகிடு கோணல்தான்.

நேற்று டீச்சர், "உங்க பிள்ளை தனியாவே வெளாடுதா சார்" என்றார். "வெளாடட்டும் டீச்சர், அவசரமில்ல" என்றேன்.

இரண்டு பேரையும் நானே வளர்ப்பேன். நீ பார்த்த மாதிரி பிள்ளைகளைப் பார்க்க எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. வந்துவிடும். விடமாட்டேன்.