ஏழாவது மூலை

ஜூன் 6, 2004, ஞாயிறு

மழை. ஆனாலும் போனோம். கரைந்துபோக நாங்கள் என்ன சர்க்கரைக் கட்டியா?

மாலை ஆராதனைக்கு முன் வழக்கம்போல கிடார், மாண்டலின், அக்கார்டியனோடு வரிசையாகப் புறப்பட்டு, எங்கள் ஊர் தொமேயின் ஏழு தெருமூலைகளிலும் நின்றோம். மூலைக்கு ஒருவர் சாட்சி, கர்த்தர் தன்னை மாற்றிய கதை. சதுக்கத்து மூலை என்னுடையது, பதினோரு வருடமாக. பேருந்துகள் நிற்கிற இடம், கூட்டம் சேரும். அதனால் கேட்பவரை நிறுத்திவைக்கத் தெரிந்தவருக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். இன்றைக்கு கான்செப்சியோன் போகும் பேருந்தின் ஓட்டுநர் என் குரல் கேட்க வேண்டுமென்று எஞ்சினையே அணைத்துவிட்டார்.

"கொட்டுகிற குளிர்கால ஜூலை மழையில், கைக்குழந்தையோடு, கூடப் பிறந்த அக்காவே என்னை வீட்டை விட்டுத் துரத்தினாள்" என்று தொடங்கினால் ஒரு குடை அசையாது. "குடிபோதையில் குழந்தையை அணைத்தபடி நான் விழுந்த இடம் இந்தச் சபையின் வாசற்படி" என்று முடிக்கும்போது "தேவனுக்கு மகிமை" மூன்று முறை எழும்பும். இன்றும் எழும்பியது.

பாவம் எலிசேயோ, ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு ஏழாவது மூலை, கோழிப்பண்ணைச் சுவரோரம். வாலிபத்தில் தினம் இரண்டு சிகரெட் பிடித்தாராம், கர்த்தர் விடுவித்தாராம். இதைக் கேட்க கோழிகள் போதும்.

அக்கா ஒதிலியா பேருந்து நிறுத்தத்துத் தகரக்கூரையின் கீழ் ரொட்டிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். எல்லா ஞாயிறும் அங்கேதான் இருப்பாள். எங்கள் சபையார் யாரும் அவளிடம் ரொட்டி வாங்குவதில்லை. வாங்காதீர்கள் என்று நான் சொன்னதே இல்லை. அவர்களாகத்தான்.

ஜூன் 10

மெர்லுசா மீன் பதினொரு மணிக்கே தீர்ந்தது. சந்தையில் கண் மங்கின மீன் இல்லாத கடை என்னுடையது ஒன்றுதான். புதிதாக வந்த ஒருத்தி, "நீங்கதானே மழையில குழந்தையோட நின்னவங்க?" என்று கேட்டாள். நானேதான் என்றேன்.

ஜூன் 17

பாஸ்டர் நோல்பெர்த்தோ கடைக்கே வந்தார். ஆகஸ்டில் சபைக்கு ஐம்பது வயது. ஐந்து ஊர்களிலிருந்து சபையார் வருகிறார்கள், வானொலியும் வருகிறது. சாட்சி நான்தான் சொல்ல வேண்டுமாம். இன்னொரு மூலையில் சாட்சி சொல்கிற எஸ்தெர் அல்ல, நான். மீன் வாடையோடு அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

ஒரு நிபந்தனை. வானொலியில் ஏழு நிமிடம்தான், அதனால் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். போகும்போது திரும்பி, "அந்த ராத்திரி எல்லாருக்கும் மனப்பாடம் சகோதரி. அதுக்கப்புறம் இருபத்து மூணு வருஷம் ஆச்சே. அதையும் கொஞ்சம் எழுதுங்க" என்றார்.

பாஸ்டருக்கு முப்பத்து நாலு வயது. பேச்சைப் பார்.

ஜூன் 20, ஞாயிறு

எழுத உட்கார்ந்தேன். பேசினால் ஆறாக ஓடுவது பேனாவில் ஓடவில்லை. "கைக்குழந்தையோடு" என்று எழுதியதும் கை நின்றது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதே இடத்தில் நின்றது. தாள் நாலு கிழித்தேன்.

பேனாவில் கோளாறு இல்லை. அதே பேனாவால்தான் இதை எழுதுகிறேன்.

ஜூன் 23

ஒரு வரியும் இல்லை.

ஜூன் 27, ஞாயிறு

ஒருவழியாக எழுதி முடித்து, சுத்தமாகப் பிரதி எடுக்க எலிசேயோவிடம் கொடுத்தேன். தபால்காரர் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். ஆராதனை முடிந்து கோவில் பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தார். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சகோதரி, இது வானொலியில போகுது. ஊர்ல வயசானவங்களும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

"நீங்க சபை வாசல்ல விழுந்த அந்த வாரம் நான் உங்க அக்கா வீட்டுக்கு ஒரு பார்சல் கொண்டுபோனேன். சன்னல்ல கண்ணாடி இல்ல, அட்டை வச்சு அடைச்சிருந்தது. குழந்தை அவங்க இடுப்புல இருந்துச்சு. அதுக்கடுத்த மாசமும் இருந்துச்சு. அப்புறம் மூணு வருஷம் அந்த வீட்டுக்கு நான்தான் தபால் குடுத்தேன், குழந்தை அங்கேயேதான் இருந்துச்சு."

என் முகம் எரிந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் நின்று என் மாண்டலினுக்குக் கைதட்டிய மனிதர்.

"தெரிஞ்சே ஏன் சொல்லல?"

"நான் தபால்காரன். உறைக்குள்ள இருக்கிறதப் படிக்கிறது என் வேலை இல்ல. இன்னிக்கு நீங்களா படிக்கக் குடுத்தீங்க."

தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரெண்டு சிகரெட்டுக்காரர் எனக்கு நியாயம் சொல்கிறார்.

ஜூன் 29

எழுதிவிடுகிறேன். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

என் மகள் நோயெமியின் அப்பா விட்டுப் போன பிறகு ஒதிலியாதான் எங்களைச் சேர்த்துக்கொண்டாள். நான் குடித்தேன். அன்று மதியமே ஆரம்பித்துவிட்டேன். "குடிக்கிறதுன்னா வெளிய போய்க் குடி, பிள்ளை பாக்குது" — அவள் சொன்னது இவ்வளவுதான். நான் பாட்டிலை எறிந்தேன், சன்னல் உடைந்தது, நானாகத்தான் வெளியே போனேன். தனியாக. குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. சபை வாசலில் விழுந்தது உண்மை. தூக்கி உள்ளே கொண்டுபோனது உண்மை. அன்றிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை, அதுவும் உண்மை. ஆனா குழந்தைய எடுத்துட்டுப் போக எனக்கு மூணு வருஷம் ஆச்சே — அந்த மூணு வருஷம் பால் காய்ச்சினது யாரு, சளிக்கு நெஞ்சு தேய்ச்சது யாரு?

முதல் சாட்சியில் "வீட்டை விட்டு வந்தேன்" என்றுதான் சொன்னேன். ஒருவரும் நிற்கவில்லை. அடுத்த வருடம் "துரத்தினாள்" என்றேன், நாலு பேர் நின்றார்கள். கதையில் குழந்தை எப்போது என் கைக்கு வந்தது? நினைவில்லை. அன்றைக்குப் பெரிய கூட்டம், அது மட்டும் நினைவிருக்கிறது.

இதைக் கேட்டே வளர்ந்தாள் நோயெமி. தன்னை மழையில் தள்ளினவள் என்று நினைத்து, அந்தப் பெரியம்மா எதிரில் வந்தால் சாலையின் மறுபக்கம் போவாள். நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கர்த்தாவே, குடியை எடுத்தீர். இதை ஏன் விட்டுவைத்தீர்?

ஜூலை 4, ஞாயிறு

சதுக்கத்து மூலை. குழந்தையைச் சொல்லாமல் தாண்டினேன். "துரத்தினாள்" வரவேண்டிய இடத்தில் இருமல் வந்தது. மகிமை ஒருமுறைதான் எழும்பியது, அதுவும் மரியாதைக்கு.

எஸ்தெர் தோளைத் தட்டி, "குழந்தைய மறந்துட்டீங்களே சகோதரி, எனக்கு அழவே வரல" என்றாள்.

தகரக்கூரையின் கீழ் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஒரே ஒரு முறை.

ஜூலை 8

பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். அந்தப் பத்தடி தூரத்தில் இரண்டு முறை திரும்பிவிட்டு, மூன்றாம் முறைதான் போய்ச் சேர்ந்தேன்.

"எத்தனை வேணும்?" என்றாள் அக்கா, யாரோ போல.

"நாலு."

"சபைக்காரங்க வாங்க மாட்டாங்களே."

"நான் வாங்குறேன்."

துணியை விலக்கி நாலு ரொட்டி எடுத்தாள். சூடாக இருந்தது. அவளே பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கேட்டுவிட்டேன்.

"வாராவாரம் கேட்டியேக்கா. ஒரு நாளாவது பொய்னு ஏன் கத்தல?"

"மொத தடவ கேட்டப்ப கூடையைத் தூக்கி உன் மூஞ்சில அடிக்கலாம்னுதான் எழுந்தேன். அப்புறம் உன் கையப் பாத்தேன். நடுங்கல. குடிக்காம நேரா நின்னு பேசுற. இதச் சொன்னாத்தான் நிப்பேன்னா சொல்லிட்டுப் போகட்டும்னு உக்காந்துட்டேன்."

"இத்தனை வருஷமாவா?"

"நீ குடிக்கலயே." கூடைத் துணியை இழுத்து மூடினாள். "பிள்ளைதான்… அது ஒண்ணுதான் எனக்கு…"

நான் அழுதேன். அவள் அழவில்லை. சபையில் சொல்லப் போகிறேன் என்றேன்.

"மொதல்ல நோயெமிகிட்ட சொல்லு. அப்புறம் சபைக்குச் சொல்லு, கோழிக்குச் சொல்லு, யாருக்கு வேணா சொல்லு."

அக்காவுக்கு வேதம் தெரியாது, சபை வாசலை மிதித்ததில்லை. முதிர்ந்த விசுவாசி என்று என்னைத்தான் மேடையில் உட்காரவைக்கிறார்கள்.

ஜூலை 12

நோயெமி இருக்கிற சாந்தியாகோவுக்குப் போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். "அப்போ நான் அவங்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லையேம்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 18, ஞாயிறு

முடிந்தது.

பாஸ்டரிடம் முந்தாநாளே சொல்லியிருந்தேன். ஆராதனையில் எழுந்து, அழகுபடுத்தாமல், ஜூன் 29-இல் இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன். மகிமை எழும்பவில்லை. எஸ்தெர் மட்டும் சத்தமாக, "அப்போ இத்தனை வருஷம் நான் அழுததெல்லாம் எந்தக் கணக்கு?" என்றாள். கோபப்பட எனக்கு உரிமை இல்லை. நல்ல கேள்வி.

சபை ஒழுங்குப்படி ஆறு மாதம் கடைசி பெஞ்ச். திருவிருந்து கிடையாது, மாண்டலின் கிடையாது, தெருச்சாட்சி கிடையாது. ஆண்டுவிழாச் சாட்சி எஸ்தெருக்கு. சதுக்கத்து மூலையும் அவளுக்கே. தீர்ப்பு வாசிக்கும்போது குரல் நடுங்கியது பாஸ்டருக்குத்தான்.

கடைசி பெஞ்சுக்கு நானே நடந்து போனேன். தலை குனியவில்லை. இதுவும் பெருமைதானோ? இருக்கட்டும். இந்தப் பெருமைக்கு நான் யாரிடமும் எதையும் திருடவில்லை.

ஜூலை 25, ஞாயிறு

கடைசி பெஞ்சில் குளிர்காற்று நேரே முதுகில் அடிக்கிறது. இதில் உட்கார்ந்து எத்தனை பேர் இருமியிருக்கிறார்கள், நான் மேடையிலிருந்து முறைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

ஆண்டுவிழா. முன்னூறு பேருக்குச் சூப். உருளைக்கிழங்கு முழுவதும் உரித்தது நான். எஸ்தெர் வானொலியில் நன்றாகவே பேசினாள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். வாயைத் திறக்கவில்லை. சுனில்டாவாகிய எனக்கு இது பெரிய காரியம் என்பதை எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 19

தேசிய நாள் விடுமுறைக்கு நோயெமி வந்திருக்கிறாள். என்னிடம் வரவில்லை. பேருந்திலிருந்து இறங்கி நேரே தகரக்கூரைக்குப் போனாளாம். கூடையைத் தூக்கிக்கொண்டு பெரியம்மாவோடு நடந்தாளாம். சந்தையில் மூன்று பேர் வந்து சொன்னார்கள், எனக்கு வலிக்கும் என்று நினைத்து.

வலித்தது. ஆனால் நெஞ்சு நிமிர்ந்தது. என் மகள் போக வேண்டிய இடத்துக்கு முதலில் போயிருக்கிறாள்.

செப்டம்பர் 21

இன்று வந்தாள். துணியில் சுற்றின ரொட்டியை மேசையில் வைத்து, "பெரியம்மா குடுத்து விட்டாங்க" என்றாள். நெடுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "மூணு நாள் கூட இருந்தேன். உன்னப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. அதான்மா என்னால தாங்க முடியல."

இரண்டு பேரும் ரொட்டியைத் தின்றோம். மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. கேட்டுப் பதில் வாங்கி அதையும் ஒரு கதையாக்கிவிடுவேன் என்று பயம்.

நவம்பர் 3

எலிசேயோவுக்கு ஒரு கிலோ மெர்லுசா, நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். "எதுக்கு?" என்றார். "பார்சல்" என்றேன்.

ஜனவரி 23, 2005, ஞாயிறு

ஆறு மாதம் முடிந்தது. பாஸ்டர், "எந்த மூலை வேணும் சகோதரி?" என்று கேட்டார். "ஏழாவது" என்றேன். எலிசேயோ சுவரோரம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

வெயில். சபையார் இருபது பேர், வேலியோரம் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர், இரண்டு நாய்கள், கணக்கில்லாத கோழிகள். நான் சொன்னது மூன்று நிமிடம்கூட இல்லை. குடித்தேன், பிள்ளையை அக்காவிடம் போட்டுவிட்டுப் போனேன், சபை வாசலில் விழுந்தேன், கர்த்தர் எழுப்பினார். ஒரே நாளில் எழுப்பிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. இன்னும் எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறார் என்றேன். பாஸ்டர் அன்று கடையில் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "சன்னல விட்டுட்ட."

கூடையோடு ஒதிலியா. பேருந்து நிறுத்தத்தை விட்டு ஞாயிறில் அவள் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னக்கா?"

"பாட்டில எறிஞ்சு என் சன்னல உடைச்சியே. குளிர்காலம் பூரா அட்டை வச்சு அடைச்சேன். சொல்றதுதான் சொல்ற, முழுசாச் சொல்லு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். எலிசேயோ தலையாட்டி, "அட்டைதான், நான் பாத்தேன்" என்றார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், இந்த முறை சன்னலோடு.

முடிந்ததும் எஸ்தெர் வேலியிடம் போய் ஆறு ரொட்டி கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி என்னிடம் மெதுவாக, "யாருங்க அந்தம்மா, உங்களையே அதட்டுறாங்க?" என்று கேட்டாள்.

சதுக்கத்து மூலையில் பதினோரு வருடம் எழும்பாத குரலில் சொன்னேன், கோழிகள் சிறகடித்து எழும்பின.

"என் அக்கா. என் பிள்ளைய வளர்த்தவ."