ஜெனிட்டா தொடர்ந்து வரட்டும்

அன்புள்ள அக்கா,

நலம்தானே? பழைய பேச்சு எதையும் கிளறுவதற்காக எழுதவில்லை. ஜெனிட்டாவைப் பற்றித்தான்.

எங்கள் மாதா கோயிலும் உங்கள் சபையும் மெத்தடிஸ்ட் சபையும் சேர்ந்து செபராங் ஜெயாவில் ஒரு மாடி அறையில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்துகின்றன. அங்கே நானும் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. உன் மகள் வந்ததும் உன் முகச்சாயலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். நான் யாரென்று அவளிடம் சொல்லவில்லை.

பேசும்போது திக்குவதைப் பள்ளியில் கேலி செய்தார்களாம். நான்காம் படிவத்தோடு பள்ளிப் படிப்பையே நிறுத்திவிட்டாளாம். இங்கேயும் யாரிடமும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் சின்னப் பிள்ளைகள் கதைப் புத்தகத்தோடு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். திக்கித் திக்கி வாசித்தாள். "அக்கா, புலி உறுமுற இடத்த இன்னொரு வாட்டி படிங்க லா!" என்றது ஒரு குட்டி. கேலியாக ஒருவரும் சிரிக்கவில்லை. அவள்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

கிளம்பும்போது என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நீங்க எங்க சித்திதானே? அம்மா பைபிளுக்குள்ள உங்க போட்டோ வச்சிருக்காங்க. நீங்க இங்க இருக்கீங்கன்னு சொன்னா என்னை அனுப்ப மாட்டாங்களோ?"

"நானே சொல்றேன்மா" என்றேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் அங்கே இருப்பது உனக்குச் சங்கடமென்றால் கெப்பாலா பத்தாஸில் நடக்கும் வகுப்புக்கு மாறிக்கொள்கிறேன். அவளை நிறுத்திவிடாதே.

சங்கடமில்லை என்றால், இந்தச் சனிக்கிழமை அவளை அழைத்துப்போக நீயே வா. கீழே காரில் காத்திருக்க வேண்டாம். மாடிக்கு வா.

உன் தங்கை