சித்தப்பா தூக்கும் முட்டைக்கூடை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் காய்ச்சல் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே உன் அப்பா சௌக்கியம், முழங்கால் வலி மட்டும் நான் ஏதாவது வேலை சொல்லும்போது வந்து போகிறது. என்னைக் கேட்டால் உடம்பு சௌக்கியம், மனசு கொதிக்கிறது. இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே விடும்மா என்பாய், அதற்குப் பயந்துதான் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, உட்கார்ந்து முழுக்கப் படி.

உன் சித்தப்பாவைப் பற்றித்தான். இனி மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை, நான் அவன் என்றே எழுதுகிறேன், நீ எப்போதும்போல் சித்தப்பா என்றே கூப்பிடு. மழை முடிந்ததும் அவன் தானியக் கடையிலிருந்துதான் கோழிகளுக்கு மக்காச்சோளம் எடுத்தேன், வீட்டு ஆள் இருக்கும்போது வெளியே ஏன் போக வேண்டும் என்று. ஊரே அவனை வெல்லக்கட்டி என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும், அப்படி ஒரு இனிப்பான பேச்சு. அந்தச் சோளத்தைப் போட்ட பிறகு கோழிகள் தின்றன, ஆனால் தின்றது ஒட்டவில்லை. எச்சத்தோடு சோளம் அப்படியே விழுந்தது, கொண்டை வெளுத்தது, முட்டை கையில் எடுக்கும்போதே உடைந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. போய்ச் சொன்னேன். சோளத்துல ஒண்ணுமில்லை அண்ணி, நீங்க தண்ணித் தொட்டியைக் கழுவுறீங்களா என்று என்னையே திருப்பிக் கேட்டான். அதோடு விட்டானா, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணி கொட்டகை ஒரே அழுக்கு, வயசாயிடுச்சு பாவம், முடியலை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். அந்தப் பாவம் என்ற வார்த்தைதான் கண்ணா என்னால் தாங்க முடியவில்லை. நான் தரையைப் பெருக்கிச் சுண்ணாம்பு போடாமல் ஒரு நாளாவது காலை டீ குடித்திருக்கிறேனா, நீயே சொல். எத்தனை வருஷமாக என்னிடம் முட்டை வாங்கியவர்கள் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள்.

கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். செத்த கோழி ஒன்றை அறுத்துக் குடலை நீளமாகப் பிரித்துக் காட்டினார். குடலின் உள்பக்கம், தலை துவட்டுகிற துண்டில் நூல் நூலாக நிற்குமே அதுபோல நிற்க வேண்டுமாம், அதன் வழியாகத்தான் தீனியின் சத்து உடம்பில் சேருமாம். என் கோழிக்கு அது தேய்ந்து ரொம்ப மெல்லிசாக, அங்கங்கே ரத்தம் கசிந்து கிடந்தது. சோளத்தில் பிடித்த பூஞ்சை ஒரு விஷத்தை விட்டுவிடும், அது உள்ளே போனதும் முதலில் தொடுவது இந்தச் சுவரைத்தான் என்றார். சுவரில் நெருக்கமாக ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன செல்களின் பிடி தளர்ந்துவிடுமாம், கழிவோடு வெளியே போக வேண்டிய கிருமி அந்த இடுக்கு வழியாக ரத்தத்துக்குள் நுழைந்துவிடுமாம். அதற்குப் பிறகு சாதாரணச் சீக்கு வந்தாலே கோழி தாங்காது. வெயிலில் காயப்போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டேன். பூஞ்சை போகும்மா, அது விட்டுட்டுப் போன விஷம் போகாது, வறுத்தாலும் முழுசாப் போகாது என்றார். பக்கத்தில் நின்றிருந்த உன் அப்பா அப்போதுதான் மெதுவாக வாயைத் திறந்தார். தம்பியின் கிடங்குக் கூரை மழையில் ஒழுகியதாம், நனைந்த சோளத்தைத் தட்டிக் காயவைத்து நல்ல சோளத்தோடு கலந்துவிட்டானாம், காய்ந்துவிட்டதே என்று இவரும் சும்மா இருந்தாராம். அதற்கு அவருக்குத் தனியாக நடந்தது, அதை இங்கே எழுதவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அதே சோளத்தை மாவாக அரைத்து மாணவர் விடுதிக்குக் காலைக் கஞ்சிக்குக் கொடுக்க அவன் ஆர்டர் பிடித்திருக்கிறான் என்று கடைத்தெருவில் கேள்விப்பட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேசாமல் இரு, மாவு போகட்டும், பிள்ளைகளுக்கு வயிறு கெடட்டும், போலீஸ் தானாக வந்து வெல்லக்கட்டியை அள்ளிக்கொண்டு போகும் என்று மனசு சொன்னது. அந்த நினைப்பு அன்று முழுக்க இனித்தது. சாயங்காலம் விடுதி வாசல் வழியாக வந்தேன், கை கழுவும் குழாயடியில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றுமில்லை, யாரோ ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு நீ விடுதியில் இருந்தபோது வயிற்றுவலி என்று அழுதது ஞாபகம் வந்துவிட்டது. நேரே அவன் மாவு மில்லுக்குப் போனேன். வண்டியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. வண்டிக்கு முன்னால் நின்று கோழிக்குடலில் கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் கத்தினேன். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டார்கள், அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் என்ன செய்தான் தெரியுமா. மறுநாள் விடுதி வார்டனிடம் போய், சரக்குல எனக்கே ஒரு சந்தேகம் சார், நஷ்டமானாலும் பரவாயில்லைன்னு நானே நிறுத்திட்டேன் என்று சொல்லியிருக்கிறான். வார்டன் எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்து, வியாபாரின்னா இப்படி இருக்கணும் என்றாராம். என் வயிறு எப்படி எரிந்திருக்கும் பார். அவனை ஜெயிலிலிருந்து காப்பாற்றியது நான், உத்தமன் பட்டம் அவனுக்கு, அழுக்குக் கொட்டகை எனக்கு. வீட்டுக்கு வந்து நன்றி வேறு சொன்னான், எல்லாம் முடிஞ்சு போச்சே அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க என்றான். எனக்கு முடியலை என்றேன்.

அவன் விற்ற சோளத்தில் ஒரு மூட்டை என்னிடம் பூட்டிய அறையில் இருக்கிறது. அதை வார்டன் மேஜையில் கொண்டுபோய் வைக்காமல் இருக்க வேண்டுமானால் நான் சொல்வதைச் செய் என்றேன். முதலில் மிச்சச் சரக்கு முழுவதையும் என் கண் முன்னால் குழி வெட்டிக் கொட்டி மூட வைத்தேன். அடுத்தது கூடை. பிழைத்த கோழிகளுக்கு இப்போது வேறு தீனி, புது முட்டையை டாக்டரம்மா பரிசோதித்து நல்லது என்று சொல்லிவிட்டார். தினமும் காலையில் அவன் முட்டைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும், கதவு திறந்ததும், அண்ணி கொட்டகையில குத்தமில்லைங்க, என் சோளம்தான் கெட்டது, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். நான் பின்னாலேயே போகிறேன். முதல் வீட்டில் முணுமுணுத்தான், காது கேட்கலை, இன்னொரு தடவை சொல்லு என்றேன். தையல்கார அம்மா, போதும் விடுங்கக்கா, அவர் மூஞ்சியைப் பார்க்க முடியலை என்றாள். நான் சிரித்துவிட்டு அடுத்த வீட்டு மணியை அடித்தேன். உன் அப்பா இதையெல்லாம் பார்த்து இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, வீடு அமைதியாக இருக்கிறது.

அவன் உனக்குப் போன் செய்வான். அழுவான், நன்றாகவே அழுவான். நீ சின்ன வயதிலிருந்தே யார் அழுதாலும் விட்டுக்கொடுக்கிற பிள்ளை. நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடு. மன்னிப்பதாக இருந்தால் அது என் வேலை, எனக்காக நீ மன்னிக்காதே. உன் வீட்டு அலமாரியில் பழைய மாவோ வேர்க்கடலையோ ஈர வாடை அடித்தால் வெயிலில் வைத்துச் சரிசெய்யப் பார்க்காமல் குப்பையில் கொட்டிவிடு. மருமகளைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசி.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. விடுதிக்குத் தினமும் முட்டை வேண்டுமென்று வார்டன் நேற்றுதான் என்னிடம் ஆள் அனுப்பினார். மூட்டையை அவர் மேஜைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று கொடுத்த வாக்கை நான் மீறவில்லை, அது பூட்டிய அறையிலேயே இருக்கும். ஆனால் கூடை திங்கட்கிழமை அந்த விடுதி வாசலுக்குத்தான் போகிறது. கதவு திறந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். எந்த வாசல் என்று இன்னும் தெரியாது, அவன் போன் செய்தால் நீ மூச்சு விடாதே.

இப்படிக்கு
உன் அம்மா