கொஞ்சம் சிவப்பு

அக்கா,

கோப்பெங் வரை போய் வாங்கி வந்த இரண்டாவது ரப்பர் பால் டப்பாவை இப்போதுதான் திறந்தேன். அமோனியா நாற்றம் மூக்கைப் பிய்க்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க இதே நாற்றத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்தும் கார் போர்ச்சில் இதையே ஊற்றிக்கொண்டிருந்தீர்களே! உங்கள் அம்மா பால் வெட்டிய எஸ்டேட்டே வீடுகள் நிறைந்த தாமான் ஆகிவிட்டது. நீங்கள் மட்டும் ரப்பரை விடவில்லை.

உங்கள் நோட்டில், பாலில் கலக்க மூன்று சிவப்புச் சாயங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் எதிரே ஒரே அளவு: "கொஞ்சம்". கிராம் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியாதா? திங்கட்கிழமை ஊற்றியது காய்ந்ததும் செங்கல் நிறம். செவ்வாய்க்கிழமை ஊற்றியது கல்லீரல் நிறம்.

நீங்கள் போய் ஓராண்டு ஆகப்போகிறது. ஈப்போ கலைக்கூடத்தில் நீங்கள் கலைப்படைப்பாகச் செய்த இயந்திரம் இன்னும் தொங்குகிறது. நான் மாட்டிய மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இழுத்து இழுத்து விடும் சிவப்பு ரப்பர்த் தாள்கள்தான் தொய்ந்துவிட்டன, ஒன்று கிழிந்தேவிட்டது. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க தம்பி. இல்லன்னா கழட்டி ஸ்டோர்ல வச்சிருவோம்" என்றார் பொறுப்பாளர். ஸ்டோருக்குப் போனது திரும்பி வராது. நீங்கள் செய்ததில் மிஞ்சியதும் இது ஒன்றுதான்.

மோட்டார் மாட்டிய அன்றே சொன்னேன்.

"சிலிக்கோன் போடுங்கக்கா. பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாம்லா."

"தொட வேண்டாம்னா அப்புறம் எதுக்குடா செய்யறேன்?"

"வருஷா வருஷம் மாத்தறது சூசாலா, பெரிய தொல்லை!"

"நீ டெக்னீஷியனா, டாக்சி டிரைவரா? எப்பப் பாரு அவசரம். அது திரும்பி வர்ற வரைக்கும் நின்னு பாரேன்."

நான் நிற்கவில்லை. டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அடுத்து உங்களைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். அங்கே இதையெல்லாம் பேச முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, கிழிந்த தாளைக் கழற்றிவிட்டு சிலிக்கோன் தாளை மாட்டினேன். குறையே இல்லை. இழுத்தால் மெலிந்து வெளிறியது, பின்னாலுள்ள விளக்கு தெரிந்தது. விட்டதும் சட்டென்று பழைய சிவப்பு. பக்கத்திலேயே உங்கள் ரப்பர். அதையும் மோட்டார் விட்டது, ஆனால் அது உடனே திரும்பவில்லை. சோம்பேறித்தனமாகச் சுருங்கியது. ஓரத்திலிருந்து சிவப்பு மெல்ல மெல்ல அடர்ந்தது. கைப்பேசியில் நேரம் எடுத்தேன்: பதினோரு விநாடி. பதினோரு விநாடி நின்றிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது?

சிலிக்கோனைக் கழற்றிவிட்டேன். பொறுப்பாளரிடம், "இது பிரேக் பேட் மாதிரி சார். தேஞ்சா மாத்தணும். ஸ்டோர்லாம் வேண்டாம்" என்றேன்.

"சரி, யாரு மாத்துவா?"

ஒரு படிவத்தை நீட்டினார். பராமரிப்பாளர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். நன்றாக என்னை மாட்டிவிட்டீர்கள், அக்கா. அடுத்த கட்டத்தில், எந்த ஆண்டு வரை என்று கேட்டிருந்தது. அதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.